மாமியின் கையும் ஒரு பச்சோந்திக் குஞ்சும்

என் ஐயாவின் தங்கை ஆச்சிமுத்து மாமி பச்சோந்தி வளர்த்தவர் என்று சொன்னால் எங்கள் வேலணைத் தீவில் இன்றைக்கும் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். அவர்களுக்குத் தெரிந்தது பாதிக் கதை. மற்றப் பாதியைச் சொல்ல எங்கள் வீட்டில் ஒருவருக்கும் வாய் வரவில்லை. சுற்றிவரப் புகையிலை நின்ற தோட்டத்தில் மாமியின் பங்கு மட்டும் அவர் கண்மூடும் வரைக்கும் மிளகாயும் கத்தரியுமாகவே நின்றது. ஏன் என்று கேட்டவர்களுக்கு என் ஐயா, "அவளுக்கு விசர்" என்று சொல்லி அனுப்புவார். அந்தப் பதிலைக் கேட்டுக் கேட்டு ஆத்திரம் முற்றித்தான் இதை எழுதுகிறேன். நடந்ததில் கொஞ்சத்தை மாமி சொன்னார். மிச்சத்தை அம்மா சொன்னார், ஐயாவோடு அவருக்குக் கோபம் வருகிற நாட்களில்.

மாமியைப் பற்றிப் பேசுகிறவர்கள் முதலில் அவருடைய கையைப் பற்றித்தான் பேசுவார்கள். கைராசி இல்லாதவள் என்பது ஊர் அவருக்கு வைத்த பெயர். மாமி இரண்டு பிள்ளைகள் பெற்றார். மூத்தது ஆண், அடுத்தது பெண். இரண்டும் தவழ முன்னரே போய்விட்டன. நாட்டு வைத்தியம் பார்த்த பரியாரியார் முதலில் பச்சைப்பிள்ளைகளுக்கு வருகிற செவ்வாப்பு என்றார், பிறகு கண்ணூறு என்றார். ஒன்றும் பலிக்காமல் போன பிறகு, தூக்கிய கை சரியில்லை என்று யாரோ ஒரு புண்ணியவதி சொன்னாள். அதை ஊர் கெட்டியாகப் பிடித்துக்கொண்டது. மாமியின் புருஷன் இலட்சுமணன் இரண்டாவது பிள்ளையைப் புதைத்த கையோடு மாடு வாங்கவென்று நெடுந்தீவுக்குப் போனவர், அங்கேயே இன்னொருத்தியைக் கட்டிக்கொண்டு இருந்துவிட்டார். அதற்கும் மாமியின் கைதான் காரணமாம். ஓடிப்போனவனை ஒரு சொல் சொல்லாமல் விடப்பட்டவளைக் குறை சொன்ன ஊரில்தான் நானும் பிறந்தேன்.

எந்த நல்ல காரியத்திலும் அந்தக் கை படக் கூடாது. புகையிலை விதை தூவும்போது மாமி வேலிக்கு வெளியே நிற்க வேண்டும். பொங்கலுக்கு அரிசி அள்ளிப் போடக் கூடாது. கன்று ஈன்ற மாட்டைத் தடவக் கூடாது. ஆனால் விடிந்தால் பொழுதுபடும் வரைக்கும் தோட்டத்தில் வேலை செய்யலாம். குழை தாழ்க்கலாம், புழுப் பிடுங்கலாம், பக்கத் துளிர் முறிக்கலாம், வெட்டிய இலையைப் புகைக்குடிலுக்குள் சுமந்துபோய்த் தொங்கவிடலாம். துளிர் முறித்தால் கையில் பிசின் ஒட்டிக் கறுத்துப்போகும். தேசிக்காய் என்கிற எலுமிச்சங்காயைப் போட்டுத் தேய்த்தாலும் இலேசில் போகாது. அந்த வேலைக்கெல்லாம் மாமியின் கையில் ஒருவரும் குறை காணவில்லை. தோட்டத்தில் பாதி மாமியின் சீதனம் என்பதும் ஒருவருக்கும் நினைவில் இருக்கவில்லை.

முப்பதுகளின் நடுவில் ஒரு தை மாதம். பூநகரிக் காட்டில் வெட்டிய குழை, பஸ்ரியாம்பிள்ளையின் வள்ளத்தில் வந்து இறங்கியது. குழை என்பது இலையும் கொப்புமான பச்சைக் கட்டு. அதைத் தோட்டத்து மண்ணைக் கிண்டித் தாழ்த்து மூடினால் புகையிலைக்கு அதைவிட நல்ல பசளை கிடையாது. பஸ்ரியாம்பிள்ளை கத்தோலிக்கர், கடலில் மீன்பிடிக்கிறவர். குழைக் காலத்தில் மட்டும் வள்ளத்தை இதற்கு விடுவார். அவருடைய வீட்டு வளவும் எங்கள் தோட்டமும் ஒரே வேலிக்கு இரண்டு பக்கம்.

மாமி ஒரு கட்டை அவிழ்த்தபோது அதில் ஒரு இலை நடந்தது. பார்த்தால், சுண்டுவிரல் நீளத்தில் ஒரு பச்சோந்திக் குஞ்சு. ஒரு கண் மாமியைப் பார்த்தது, மற்றக் கண் வானத்தைப் பார்த்தது. பக்கத்தில் நின்ற கூலியாட்கள் குழையைப் போட்டுவிட்டுப் பாய்ந்து விலகினார்கள். பச்சோந்தி கடித்தால் ஆள் தப்பாது என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. அது கடித்து ஆர் செத்தது என்று மட்டும் ஒருவரும் சொல்லமாட்டார்கள்.

"மண்வெட்டியாலை ஒரு போடு போடு!" என்றார் ஐயா. என் ஐயா சரவணமுத்து. பகிடிக்காரர் என்று பெயரெடுத்தவர். சொல்லிவிட்டு, மாமி குனிந்திருப்பதைப் பார்த்ததும் அவருக்கு இன்னொரு பகிடி வந்தது.

"மண்வெட்டி தேவையில்லை. ஆச்சிமுத்து தொட்டால் காணும், தானாச் செத்துப்போம்."

எல்லோரும் சிரித்தார்கள். வரம்பில் நின்ற அம்மாவும் சிரித்தார். அப்போது நான் அம்மாவின் வயிற்றில் இருந்தேன். அந்தச் சிரிப்பை அம்மா என்னிடம் ஒருநாளும் மறைத்ததில்லை. அந்த ஒன்றுக்காகவே அவர் சொன்ன மற்றவற்றையும் நான் நம்புகிறேன்.

மாமி குஞ்சை விரலில் ஏற்றிக்கொண்டு நிமிர்ந்தார். அது உடம்பை ஊதி, வாயைத் திறந்து, அவரைப் பார்த்துச் சீறியது.

"இது சாகாது, அண்ணை" என்றார் மாமி. "நான்தான் வளக்கப்போறன். சாகாது. இருந்து பாருங்கோ."

இரக்கப்பட்டு எடுத்தார் என்று சிலர் சொல்கிறார்கள். இரக்கமாவது மண்ணாவது. அது முழுக்க முழுக்க வீம்பு. தன் கையில் ஒரு உயிர் தங்கும் என்று இவர்களுக்குக் காட்ட வேண்டும். அது பச்சோந்தியாக இருந்தாலும் சரி, பாம்பாக இருந்தாலும் சரி.

வளர்க்கப்போகிறேன் என்று சொல்லியாயிற்று. எப்படி என்று ஆருக்குத் தெரியும்? நாய் வளர்த்தவர்கள் உண்டு, கிளி வளர்த்தவர்கள் உண்டு. பச்சோந்தி வளர்த்தவன் ஏழு தீவிலும் இல்லை. மாமி அதை ஒரு பனையோலைக் கடகத்துக்குள் விட்டுச் சீலையால் மூடினார். தேங்காய்ச் சிரட்டையில் பால் வைத்தார். சோற்றுப் பருக்கை வைத்தார். வாழைப்பழத்தைப் பிசைந்து வைத்தார். அது ஒன்றையும் திரும்பிப் பார்க்கவில்லை. கறுத்துப்போய் ஒரு மூலையில் ஒட்டிக்கொண்டு கிடந்தது.

"தின்னன், சனியனே! தின்னாமல் கிடந்து என்ர மானத்தை வாங்காதை!" என்று மாமி கத்துவது அடுக்களை வரைக்கும் கேட்குமாம்.

பிறகு ஒரு காலை சீலையைத் திறந்தபோது கடகத்தின் விளிம்பில் ஒரு ஈ வந்து குந்தியது. குஞ்சின் இரண்டு கண்ணும் ஒருமிக்க முன்னுக்குத் திரும்பின. நாக்கு போனதும் வந்ததும் மாமிக்குத் தெரியவில்லை. ஈயைக் காணவில்லை, அவ்வளவுதான். இதுவோ சங்கதி என்று மாமி அதைக் கொண்டுபோய்க் கிணற்றடித் தேசிமரத்தில் விட்டார். காகம் கொத்தாமல் இருக்கப் பஸ்ரியாம்பிள்ளையிடம் ஒரு பழைய வலைத்துண்டை வாங்கி மரத்துக்கு மேலால் போட்டார். அதோடு நிற்காமல், ஈ வரவேண்டுமென்று அவர் வீட்டு மீன்குடலையும் வாங்கி ஓலைத்துண்டில் வைத்து மரத்தடியில் போட்டார்.

எங்கள் வீடு முட்டைகூடப் படியேறாத சைவ வீடு. அம்மா கிணற்றடிக்கு வந்து மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றார்.

"மச்சாள், இதென்ன அநியாயம்? குளிக்கிற இடத்திலை மீன்குடலோ? பிள்ளைத்தாச்சி இருக்கிற வீட்டிலை பச்சோந்தியை வைச்சிருந்தால் பிள்ளை நிறம் மாறிப் பிறக்குமெண்டு சொல்லுகினம்!"

"மாறிப் பிறந்தால் நல்லதுதானே மச்சாள். அண்ணையின்ர நிறத்திலை பிறவாமல் தப்பும்."

அம்மா அழுதுகொண்டு உள்ளே போனார். அம்மா கமலாதேவி பட்டணத்துப் பக்கம் பிறந்து வளர்ந்தவர். நிறத்தைப் பற்றிய பேச்சு அவருக்குத் தாங்காது. ஐயா வந்து கத்தினார். மாமி திருப்பிக் கத்தினார். மீன்குடல் மரத்தடியிலிருந்து வேலிக்கரைக்குப் போனது, அதற்கு மேல் மாமி விட்டுக்கொடுக்கவில்லை.

தின்ன வைத்தாயிற்று, குடிக்க வைக்க முடியவில்லை. சிரட்டையில் தண்ணீர் வைத்தால் அதற்குள் காலை வைத்து ஏறி இறங்கிப் போகுமே தவிர, நாக்கு நனைக்காது. கண் இரண்டும் உள்ளே போகத் தொடங்கியது. தோல் சுருங்கியது. மாமி அதன் வாயைத் தண்ணீரில் பிடித்து அமுக்கிப் பார்த்தார். அது சீறிக்கொண்டு கையைக் கடித்தது. ஊர் சொன்னதுபோல மாமி சாகவில்லை, ஆனால் ஆத்திரம் தலைக்கேறிவிட்டது.

"குடியாட்டிச் செத்துத் துலை!" என்று சிரட்டையோடு தண்ணீரை மரத்தில் வீசி அடித்தார்.

தண்ணீர் இலையெல்லாம் துளியாகத் தங்கியது. குஞ்சு மெல்லத் தலையைத் திருப்பி, இலை நுனியில் தொங்கிய துளியை நக்கியது. பிறகு அடுத்த துளி. பிறகு அதற்கடுத்தது. மாமி அப்படியே கிணற்றுக் கட்டில் குந்திவிட்டார். அன்றிலிருந்து காலையும் மாலையும் தேசிமரத்துக்குத் தண்ணீர் தெளிப்பது வழக்கமாயிற்று. தண்ணீர் இறைக்கத் துலா மிதிக்கிற ஆட்கள், "ஆச்சிமுத்தக்கா பூசை செய்யிறா" என்று நெளிப்புக் காட்டினார்கள். மாமி அவர்களுக்கும் ஒரு சிரட்டை தெளித்தார்.

குஞ்சு பிழைத்தது. மாசி பிறக்கும்போது நடுவிரலைத் தாண்டி வளர்ந்திருந்தது. மாமி அதற்குப் பெயர் வைக்கவில்லை. ஏன் என்று கேட்ட அம்மாவிடம், "பேர் வைச்சதுகள் இருந்ததுகளே?" என்று திருப்பிக் கேட்டாராம். ஆனால் ஐயா கிணற்றடிக்கு முகம் கழுவ வரும்போதெல்லாம் மாமி அவரை விடமாட்டார்.

"அண்ணை, செத்துப்போச்சோ எண்டு ஒருக்கா வந்து பாருங்கோ."

ஐயா பார்க்காமல் போவார். பகிடி செய்கிறவர்களுக்குத் திருப்பிச் செய்தால் பிடிப்பதில்லை.

மாசிக் கடைசியில் நான் பிறந்தேன். என் நிறம் ஐயாவின் நிறம்தான், பச்சோந்தியால் ஒன்றும் ஆகவில்லை. மாமியை அறைக்குள் விடவில்லை. "கிட்ட வந்து பாருங்கோ மச்சாள், தொடாதையுங்கோ" என்றார் அம்மா. ஐயா அதையும் வெட்டி, "கிட்டவும் வேண்டாம், வாசல் நிலையோடை நிண்டு பார்" என்றார். பிள்ளை பெற்ற உடம்புக்கென்று அம்மாவுக்குக் காயச்சரக்கு அரைத்தது மாமி. என் துணி துவைத்தது மாமி. அம்மியைப் பிடித்த கைக்கும் அழுக்குப் பிழிந்த கைக்கும் தோஷம் கிடையாது. என்னைத் தூக்கும்போதுதான் தோஷம் வந்துவிடுமாம்! நிலைக்கு வெளியே நின்று மாமி என்னைப் பார்த்ததை நினைத்தால், நான் அறியாத அந்த நாளைப் பற்றி இப்போதும் எனக்கு உடம்பு எரிகிறது.

பிள்ளை பிறந்த வீட்டில் ஈ மொய்க்கக் கூடாது என்று மீன்குடலை அடியோடு நிறுத்திவிட்டார்கள். அதில் நியாயம் உண்டு, மாமியும் எதிர்க்கவில்லை. ஆனால் வளருகிற உயிருக்கு இரை வேண்டும். பங்குனியில் புகையிலை இடுப்பளவு நின்றது. விடியப்புறம் இலை இலையாகத் திருப்பிப் பச்சைப் புழுவைப் பிடுங்கிச் சிரட்டையில் போட்டு, வரம்பில் கொட்டி மிதிக்கிறது மாமியின் வேலை. கால்பெருவிரலால் மிதித்துக்கொண்டு நிற்கும்போது அவருக்கு அந்த யோசனை வந்தது. எத்தனை கொழுத்த புழு, சும்மா மண்ணில் போகிறது. புகையிலைத் தோட்டத்தில் வேலை செய்கிற ஆருக்கும் வந்திருக்கக் கூடிய யோசனைதான்.

சின்னப் புழுவாகப் பார்த்துக் கொண்டுபோய்க் கொப்பில் விட்டார். பச்சோந்தி ஆவலோடு தின்றது. அடுத்த நாளும் தின்றது. மாமிக்கு நெஞ்சு நிறைந்துபோயிற்று. வேளைக்கே இது தெரியாமல் போயிற்றே என்று தன்னையே ஏசிக்கொண்டார். மூன்றாம் நாள் இன்னும் கொஞ்சம் கூடவே வைத்தார்.

அன்று மத்தியானம் துளிர் முறித்துவிட்டுக் கிணற்றடிக்கு வந்தபோது பச்சோந்தி வால் ஒன்றால் மட்டும் கொப்பில் தொங்கிக்கொண்டிருந்தது. உடம்பு கறுத்துப்போயிருந்தது. வாயோரத்தில் நுரை. நாலு காலும் காற்றில் நடுங்கின. மாமி வலையைக் கிழித்துக்கொண்டு போய்க் கையில் ஏந்தினார். அது அவருடைய உள்ளங்கையில் கிடந்து உதறியது.

மாமிக்கு அந்த நடுக்கம் தெரியும். முன்பு இரண்டு தடவை அதைக் கையில் ஏந்தியிருக்கிறார். பாலைக் கக்கி, வெளிறி, உடம்பு குளிர்ந்து வேர்த்து, கையும் காலும் இப்படித்தான் உதறின. அந்த நிமிஷத்தில் மாமியின் வீம்பு முழுவதும் போய்விட்டது. "சொன்னது மெய்தான். என்ர கைதான்" என்று வாய்விட்டுச் சொன்னாராம். இத்தனை வருஷமும் ஊரோடும் வீட்டோடும் சண்டை பிடித்தவர் அன்றைக்குத்தான் தோற்றார்.

ஐயா தோட்டத்திலிருந்து வந்தார். மாமியின் கையைப் பார்த்தார், மரத்தடியில் இருந்த புழுச் சிரட்டையைப் பார்த்தார். உடனே சிரித்துவிட்டார்.

"எடி விசரி, புகையிலைப் புழுவையே தின்னக் குடுத்தனி? புழு முழுக்க நஞ்செல்லோ! கோழிக்குஞ்சு திண்டாலே வலிப்பு வந்து செத்துப்போம். பஸ்ரியாம்பிள்ளையின்ர குஞ்செல்லாம் உப்பிடித்தானே செத்தது."

மாமி நிமிர்ந்தார்.

"என்ன சொன்னியள்?"

"புழுவிலை மட்டுமே? இந்தப் பிசினிலையும் அந்த நஞ்சுதான். நாள் முழுக்க முறிச்சால் எனக்கே தலை சுத்திச் சத்தி வரும். சின்ன உயிர் தாங்குமே?"

சொல்லிவிட்டு ஐயா முகம் கழுவாமலே கிணற்றுத் தண்ணீரைச் சேந்தி இரண்டு மிடறு குடித்துவிட்டு, தோட்டத்தில் ஆட்களுக்கு ஏதோ சொல்லப் போனார். தான் என்ன சொன்னார் என்பது அவருடைய காதிலேயே விழவில்லை.

மாமியின் காதில் விழுந்தது. அவருடைய பிள்ளைகள் இரண்டும் பிறந்தது மாசியில். பிள்ளை பெற்ற துடக்குக் கழிந்த கையோடு தோட்டத்தில் இறக்கிவிட்டார்கள். கிணற்றடிப் பூவரசில் ஏணை கட்டிப் பிள்ளையைக் கிடத்திவிட்டுத் துளிர் முறிக்க வேண்டும். பிள்ளை அழுதால் ஓடிவந்து, பிசின் கையாலேயே தூக்கி, பிசின் கையாலேயே முலையைப் பிடித்துக் கொடுக்க வேண்டும். கழுவிக்கொண்டு நின்றால், "வேலைக்குக் கள்ளம்" என்று ஒருபக்கம் இலட்சுமணன் கத்துவார், ஒருபக்கம் ஐயா கத்துவார். பசித்த பிள்ளை சில வேளை அந்தக் கறுத்த விரலையும் சப்பும்.

மாமி பச்சோந்தியின் வாயைத் திறந்து, இலை நுனியால் துளித்துளியாகத் தண்ணீரை விட்டுக் கழுவினார். அதை நிழலில் ஒரு கொப்பில் பிடிப்பித்துவிட்டு, வேலியில் ஆள் நுழைகிற பொட்டுக்குள்ளால் பஸ்ரியாம்பிள்ளையின் வளவுக்குப் போனார். அவர் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தார்.

"பஸ்ரியாம்பிள்ளை அண்ணை, உங்கட கோழிக்குஞ்சுகள் எங்கட புழுவைத் திண்டு செத்தது எப்ப?"

"உது பழங்கதை, பிள்ளை. இப்ப என்னத்துக்கு?"

"எப்ப?"

அவர் மாமியின் முகத்தைப் பார்த்துவிட்டு வலையைக் கீழே வைத்தார்.

"உம்மட கலியாணத்துக்கு அடுத்த பங்குனி. உமக்கு மூத்தவன் இன்னும் உண்டாகேல்லை. நீர் காய்ச்சலோடை வீட்டிலை படுத்திருக்கிறீர் எண்டு உம்மட அண்ணர் சொன்னவர். எனக்கு ஒரு அடைக் குஞ்சு முழுக்கப் போச்சுது. நான் சண்டைக்கு வந்தனான். அவர் ஒரு கட்டுப் புகையிலை தந்து சமாதானப்படுத்தினவர். புகையிலை நஞ்சு, சின்னக் குஞ்சுகளை இந்தப் பக்கம் விடாதை எண்டும் சொன்னவர்."

"உங்களுக்குச் சொன்னவரோ?"

"ஓம் பிள்ளை."

மூத்தவன் பிறக்க முன்னரே சொல்லியிருக்கிறார். வேலிக்கு அந்தப் பக்கத்துக் கோழிக்குஞ்சுக்குப் புத்திமதி, நட்டஈடு, எல்லாம் கிடைத்திருக்கிறது. இந்தப் பக்கத்தில் ஏணையில் கிடந்த பிள்ளைகளுக்குக் கிடைத்தது கைராசிப் பேச்சு. ஐயா தெரிந்தும் வேண்டுமென்று இருந்தாரா என்று என்னைக் கேட்காதீர்கள். வேண்டுமென்று செய்திருக்கமாட்டார். அவர் யோசிக்கவில்லை. யோசிக்காமல் இருக்கும்படியாக ஊர் ஒரு கையைக் காட்டிக் கொடுத்திருந்தது, அது வசதியாக இருந்தது. அந்த வசதியைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

மாமி திரும்பி வீட்டுக்கு வந்தார். ஐயா தோட்டத்திலிருந்து நேரே வந்து அறை வாசலில் நின்றார். மத்தியானத்தில் வந்து என்னை ஒருமுறை தூக்கிப் பார்த்துவிட்டுச் சாப்பிட உட்காருவது அவருடைய வழக்கம். அம்மா என்னை இரண்டு கையிலும் ஏந்தி நீட்டினார். ஐயா கையை நீட்டினார்.

"தொடாதை!"

மாமியின் குரல் வந்த வேகத்தில் நான் விழித்து அழத்தொடங்கினேனாம். அந்தச் சொல்லை மாமி ஆயிரம் தடவை கேட்டிருக்கிறார், ஆருக்கும் சொன்னதில்லை.

"நீ தொடாதை. உன்ர கையைப் பார்."

"ஆரையடி நீ எண்டிறாய்?"

"உன்னைத்தான். கோழிக்குஞ்சு செத்ததுக்கு ஒரு கட்டுப் புகையிலை குடுத்தனி. பிசின் நஞ்செண்டு, சின்ன உயிர் தாங்காதெண்டு உனக்குத் தெரியும். என்ர பிள்ளையள் வலிப்பிலை கிடக்கேக்கை நீயும் பக்கத்திலைதானே நிண்டனி? ஒரு சொல் சொன்னியே? கையைக் கழுவிப்போட்டுப் பாலைக் குடு எண்டு ஒரு சொல்? என்ர கை ஆகாதெண்டுதானே சொன்னனி! நானும் அதை நம்பினனான். சற்று முன்னமும் நம்பினனான்!"

"அது கோழி... இது பிள்ளை... ஆர் அப்பிடி நினைச்சது?" ஐயாவின் வாய் குழறியது.

"ஒருத்தரும் நினைக்கேல்லை. என்னைக் குறை சொல்ல மட்டும் எல்லாருக்கும் நினைப்பு வந்தது."

அம்மா ஐயாவின் கைகளைப் பார்த்தார். கலியாணம் முடித்த நாளிலிருந்து பார்த்த கைகள்தான். மணிக்கட்டு வரைக்கும் கறுத்து, நகக்கண்ணெல்லாம் பிசின் ஏறி, விரலோடு விரல் ஒட்டுகிற கைகள். அந்தக் கையோடுதான் அவர் நாள்தோறும் என்னைத் தூக்கினார். முந்தின நாள் நான் குடித்த பாலைக் கக்கியது அம்மாவுக்கு அப்போதுதான் நினைவு வந்ததாம். நீட்டிய கைகளை அம்மா மடக்கி என்னை நெஞ்சோடு இழுத்துக்கொண்டார்.

மாமி கிணற்றடிக்குப் போனார். தேசிமரத்தில் கைக்கெட்டிய காய்களைப் பிடுங்கிக் கல்லில் குத்திப் பிளந்து, சாம்பலையும் சேர்த்து முழங்கை வரைக்கும் தேய்த்தார். தோல் உரிந்து எரிந்திருக்கும். அவர் நிறுத்தவில்லை. பிசின் போய், விரல்கள் சிவந்த பிறகுதான் எழும்பி வந்தார். ஐயா இன்னும் வாசலிலேயே நின்றார். மாமி அவரை விலத்திக்கொண்டு நிலையைத் தாண்டி அறைக்குள் போய் அம்மாவுக்கு முன்னால் இரண்டு கையையும் விரித்தார்.

"பாத்துப்போட்டுத் தாருங்கோ மச்சாள்."

அம்மா பார்க்கவில்லை. என்னை அந்தக் கையில் வைத்தார். வைத்தபிறகுதான் மாமி அழுதார் என்று அம்மா சொல்லுவார். அழுதது ஆத்திரத்தில் என்று மாமி சொல்லுவார். எனக்கு மாமி சொல்வதில்தான் நம்பிக்கை.

ஐயா கிணற்றடிக்குப் போனார். மாமி மிச்சம் விட்ட தேசிக்காய்ப் பாதிகள் கல்லில் கிடந்தன. அவற்றை எடுத்துக் கையைத் தேய்க்கத் தொடங்கினார். தலைக்கு மேல் பச்சோந்தி நாலு காலாலும் கொப்பைப் பிடித்துக்கொண்டு, பாதி பச்சையாக, பாதி இன்னும் கறுப்பாக, ஒரு கண்ணால் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தது. புகையிலைப் பிசின் ஒரு கழுவலில் போகிற சாமான் இல்லை. சோறு ஆறிப்போகும் வரைக்கும் ஐயா அங்கேயே நின்று கழுவிக்கொண்டிருந்தார். ஒருவரும் அவரைச் சாப்பிடக் கூப்பிடவில்லை.